சம்மதம் சொன்ன குழாய்கள்

ஊத்தடிப்பட்டியில் தண்ணீர்க் குழாய்கள் பேசத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அன்றைக்கு வேறு விசேஷம் ஒன்றும் இல்லை, பூல்பாண்டியின் டீக்கடையில் வடை கொஞ்சம் கருகியிருந்தது, டவுன் பஸ் வழக்கம்போல் நேரத்துக்கு வரவில்லை, டேங்க் ஆபரேட்டர் சண்முகக்கனி வழக்கம்போல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வால்வைத் திருகித் திறந்தாள், மூன்று தெருவிலும் குடங்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நின்றன, குழாய்கள் முதலில் இருமின, பிறகு காற்றைத் துப்பின, பிறகு ஒவ்வொன்றாகத் தெளிவாக, மனுஷக் குரலில், "சம்மதம்" என்றன.

யாரும் அலறி ஓடவில்லை. பதினோரு நாளாகத் தண்ணீர் வராத ஊர் அது. எது வந்தாலும் பிடித்துவைத்துக்கொள்கிற நிலையில்தான் சனங்கள் இருந்தார்கள். பெண்கள் குடத்தை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார்கள். "ஏட்டி, என் குடத்துல இன்னும் நாலு சம்மதம் விழட்டும், பிறகு நீ வை" என்று வரிசையில் சண்டைகூட நடந்தது. நிறைந்த குடம் தண்ணீர்க் குடம் மாதிரியே கனத்தது. இடுப்பில் வைத்து நடந்தால் உள்ளே முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அதை உலையில் ஊற்றினால் அரிசி வேகவில்லை, செடிக்கு ஊற்றினால் மிளகாய்ச் செடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வாடிப்போனது. சுகாதார நர்ஸ் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, காது கொடுத்துக் கேட்டு, நோட்டில் எழுதி, "பிளீச்சிங் பவுடர் போட்டு, அரை மணி நேரம் கழிச்சுக் கேளுங்க" என்று மூக்கால் சொல்லிவிட்டுப் போனாள். போட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அதே குரல் கொஞ்சம் சுத்தமாகக் கேட்டது.

இரண்டாம் நாளே ஊருக்கு விளங்கிவிட்டது, எந்த வீட்டுக் குழாயில் யார் குரல் என்று. கொம்பையாவின் குழாய் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் பேசியது. பூல்பாண்டியின் குழாய், டீக்கு ஆர்டர் கேட்கிற அதே அவசரத்தில், "சம்மதம் சம்மதம், அடுத்து யாரு" என்றது. இசக்கியம்மா வீட்டுக் குழாயில் மஸ்கட்டில் இருக்கிற அவள் மகன் சுடலைமணி பேசினான். நாலு வருஷமாக மகனைப் பார்க்காத இசக்கியம்மா குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து, "சாப்பிட்டியாலே?" என்று கேட்பாள். "சம்மதம்" என்பான். "அங்க வெயிலாலே?" "சம்மதம்." அவளுக்கு அது போதுமாயிருந்தது.

சண்முகக்கனி வீட்டுக் குழாயில் அவள் புருஷன் ஆறுமுகநயினார் பேசினார். அவர் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அத்தனை குரலும் தன்னுடையவை என்பது ஆறுமுகநயினாரின் மகள் பேச்சித்தாய்க்குத் தெரியும். பிளஸ் ஒன் படிக்கிற பேச்சி, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

பேச்சிக்குக் கிடைத்த வரம் அப்படி. மூன்று வயதில் கோழியைப் போலக் கூவிக் கோழியையே ஏமாற்றினாள். ஏழு வயதில் அம்மா குரலில் கடைக்காரரிடம் பேசிக் கடலைமிட்டாய் வாங்கினாள். பத்தாம் வகுப்பில் தலைமையாசிரியர் குரலில் மைக்கில் லீவு விட்டாள். முதலாவதாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் தலைமையாசிரியர்தான் என்று பிள்ளைகள் சத்தியம் பண்ணினார்கள். இருமல், விக்கல், பொய்ப்பல் டக்கென்று ஒட்டுகிற சத்தம், புதுப்பணக்காரச் சிரிப்பு, எல்லாம் அவள் தொண்டைக்குள் குடியிருந்தன. "உன் சொந்தக் குரல் எதுட்டி?" என்று யாராவது கேட்டால், கேட்டவர் குரலிலேயே, "உன் சொந்தக் குரல் எதுட்டி?" என்பாள். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன தை மாதம் தண்ணிக் கம்பெனிக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோதும் ஊர் அப்படித்தான் சிரித்தது.

ஊருக்கு மேற்கே ஆறு ஆழ்துளைக் கிணறு போட்டு, பாட்டிலில் அடைத்து விற்கக் கம்பெனிக்கு அனுமதி வேண்டும். அதற்கு ஊர்ச் சம்மதம் வேண்டும். அன்றைக்கென்று பாதி ஊர் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லாரி ஏறிப் போயிருந்தது, சண்முகக்கனியும் போயிருந்தாள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பந்தல் போட்டு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலமும் நீலப் பிளாஸ்டிக் வாளியும் வைத்திருந்தார்கள். கோட்டத்து அதிகாரியம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்தில் டேப் ஓடவிட்டு, பட்டியலைப் பார்த்துப் பேர் பேராக வாசித்தார். வெயில். காகிதத்திலிருந்து தலையை அவர் நிமிர்த்தவில்லை.

"கொம்பையா."

கொம்பையா கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தல் ஓரத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்தியிருந்த பேச்சிக்கு நாக்கு அரித்தது. மூன்று இருமல் இருமி, சளியை ஒதுக்கி, "சம்மதம்" என்றாள்.

பந்தல் சிரித்தது. அதிகாரியம்மா டிக் போட்டார்.

"பூல்பாண்டி." அவன் டவுனுக்குச் சீனி எடுக்கப் போயிருந்தான். "சம்மதம் சம்மதம், அடுத்து யாரு." பந்தல் உருண்டது. "சுடலைமணி." "சம்மதம்." கம்பெனி மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார், இரண்டாவது பிரியாணிப் பொட்டலம் டிரம்முக்குப் பின்னால் தானாகவே நகர்ந்து வந்தது. நாற்பத்திமூன்று பேருக்கு அன்றைக்குப் பேச்சி வாயாக இருந்தாள். ஒரு ஆள் எழுந்து, ஏட்டி நிறுத்து என்று சொல்லவில்லை. சிரிப்பை யாராவது இடையில் நிறுத்துவார்களா.

கடைசிப் பேர், பட்டியலில் இன்னும் நீக்காத பேர்: "ஆறுமுகநயினார்."

சிரிப்பு நின்றது. அவரும் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். காலை ஏழேகாலுக்கு வால்வைத் திறந்துவிட்டு, தோளில் சிவப்புத் துண்டோடு மூன்று தெருவும் நடந்து, "ம்ஹும்" என்று ஒரு செருமல் செருமி, "தண்ணி விட்டாச்சூ" என்று கடைசி எழுத்தை இழுத்துச் சத்தம் கொடுப்பார். குழாயை மூடாமல் போகிறவர்கள் வீட்டு வாசலில் நின்று சத்தியாக்கிரகம் பண்ணுவார். அந்தச் சத்தம் நின்று அப்போது இரண்டு வருஷம் தாண்டியிருந்தது.

பேச்சிக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. விட்ட சிரிப்பை மீட்டுக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. "ம்ஹும்" என்றாள். "சம்மதம்ம்ம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் வாளியைப் பார்த்தார்கள். டிக் விழுந்தது.

கொடையிலிருந்து திரும்பியவர்களுக்கு எல்லாக் கதையையும் நடித்துக் காட்டினார்கள். கொம்பையாவே இருமி இருமிச் சிரித்தார். பேச்சி குரல் கொடுத்த கதையையும் அந்தக் கடைசிப் பேரையும் மட்டும், யாரும் சொல்லிவைத்துக்கொள்ளாமலே, சண்முகக்கனியிடம் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு கம்பெனி மோட்டார் ஓடியது, பகலும் ஓடியது, இரவும் ஓடியது, டேங்க் நாலு நாளுக்கு ஒருதரம் நிறைந்தது, பிறகு எட்டு நாளுக்கு ஒருதரம், பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

குழாயில் புருஷன் குரல் கேட்ட அன்றைக்குச் சண்முகக்கனி அழவில்லை. வால்வுச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்று, சண்டைக்குப் போனாள்.

"என்ன சொன்னீக? திருப்பிச் சொல்லுங்க."

"சம்மதம்ம்ம்."

"உசுரோட இருக்கையில ஒரு சொட்டு சிந்துனா ஊரை ரெண்டாக்குவீகளே. பாத்திரம் கழுவுன தண்ணியை வாழைக்கு விடலைன்னு எங்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தீகளே. செத்துப்போயி எவனுக்குச் சம்மதம் சொன்னீக? அங்க போயும் பிரியாணி கேட்டுதாக்கும்?"

"சம்மதம்ம்ம்."

பேச்சி அடுப்படியில் நின்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். இசக்கியம்மா குரல் வந்தது, மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள், பஸ் கண்டக்டர் குரல் வந்தது.

சண்டை ஒரு வாரத்தில் ஓய்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பேச்சியால் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா தெருவில் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். வண்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றால் கடைசி ஆளாகப் போய் நின்றாள். "எங்க வீட்டுக்காரங்க சொல்லிட்டாக, என்ன செய்ய, மன்னிச்சுக்கோங்க" என்று வாசல் வாசலாகச் சொன்னாள். எல்லாரையும்விட அவர் சொன்ன சம்மதம்தான் பெரிசு, டேங்க்கைக் காத்த மனுஷனே சரி என்ற பிறகு கம்பெனிக்காரன் ஏன் சும்மா இருப்பான் என்று அவள் கணக்கு. கேட்டவர்கள், "நீ என்னட்டி செய்வே" என்று அவள் முகத்தைப் பாராமல் காலால் மண்ணைக் கீறினார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் அந்த நீல வாளி கவிழ்ந்து கிடக்கும். கொஞ்ச நாளில் ஊரில் ஒரு வீட்டிலும் அந்த வாளி வெளியில் தெரியவில்லை; எங்கே ஒளித்தார்களோ.

டவுனிலும் ஒரு பேச்சு கிளம்பியது, அந்தக் கம்பெனி பாட்டிலைக் குடித்தவர்கள் கேட்டதற்கெல்லாம் சம்மதம் என்கிறார்கள் என்று. ஒரு வக்கீல் எதிர்க்கட்சிக்காரன் சொன்னதற்கும் சம்மதம் என்றுவிட்டாராம், வழக்கு ஒரே நாளில் முடிந்ததாம். வியாபாரம் இன்னும் கூடியது. ஆகவே கம்பெனி மேலும் ஆறு கிணறு கேட்டது. ஆகவே மறுபடியும் பந்தல் வந்தது, அதே அதிகாரியம்மா வந்தார், அதே டேப் வந்தது.

இந்தத் தடவை கொடை இல்லை. ஊர் முழுக்க வந்திருந்தது. பிரியாணிப் பொட்டலங்கள் அடுக்கின இடத்திலேயே ஆறிக் கிடந்தன.

"போன தடவை சம்மதம் சொன்ன நாற்பத்திமூணு பேரும் அதை உறுதிப்படுத்தணும்" என்று மேனேஜர் பட்டுக் குரலில் சொன்னார். "பதிவு இருக்குங்க மேடம். ஊர் மனசு நமக்குத் தெரியும்."

"கொம்பையா" என்றார் அதிகாரியம்மா.

"நான் சொல்லலை தாயி."

டேப்பை ஓட்டினார்கள். இருமல் மூன்று. சம்மதம்.

"இது உங்க குரல் இல்லையா?"

"குரல் என்னுதுதான். இருமலும் என்னுதுதான். சொன்னது நான் இல்ல."

"பின்னே யாரு?"

கொம்பையா தன் கால் பெருவிரலைப் பார்த்தார். பூல்பாண்டியும் அப்படியே சொல்லி அப்படியே பார்த்தான். "அப்ப நான் எழுதறது என்னன்னு?" என்று அதிகாரியம்மா அலுத்துக்கொண்டார். இசக்கியம்மா எழுந்து, "எம்மவன் மஸ்கட்ல இருக்கான், ஆனா அந்தக் குரலை மட்டும் அழிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு பேரும் ஆயிற்று. யார் செய்தது என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் பந்தல் முழுக்கத் தரையைப் பார்த்தது. பேச்சியைக் காட்டிக்கொடுத்தால், கூட உட்கார்ந்து சிரித்தது யார் என்ற கேள்வி வருமே.

"ஆறுமுகநயினார்."

இசக்கியம்மா பேச்சியின் காதில் குனிந்தாள். "ஏட்டி, இதான் நேரம். உங்கப்பா குரல்ல இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. நல்ல காரியத்துக்குத்தானே. அவுக இருந்தா அதைத்தானே சொல்லுவாக."

உண்மைதான். அவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். பேச்சியின் தொண்டையில் "ம்ஹும்" ஏறி வந்து நின்றது, அப்பாவின் வெற்றிலை வாசனையோடு, அச்சு அசலாக. ஒரு வார்த்தை. ஊர் பிழைக்கும், அம்மா நிமிர்வாள், அவளையும் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அதற்குள் சண்முகக்கனி எழுந்துவிட்டாள். "அவுக சொன்னது தப்பு மேடம்" என்றாள். "ஏன் சொன்னாகன்னு எனக்குத் தெரியலை. ஊரு தாகத்துல கிடக்கு. அவுகளுக்குப் பதிலா நான் இந்த ஊர் கால்ல விழுதேன்." சொல்லிக்கொண்டே முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, பந்தலின் நடுவில், கொம்பையாவின் காலுக்கும் பூல்பாண்டியின் காலுக்கும் நேராக, முழங்காலை மடக்கினாள். அத்தனை கால்களும் பின்னால் இழுத்துக்கொண்டன.

பேச்சி வாயைத் திறந்தாள். மேனேஜர் குரல் வந்தது, துப்பினாள். நர்ஸ் குரல் வந்தது, துப்பினாள். தலைமையாசிரியர், கண்டக்டர், கோழி, கடைசியாக அப்பா, ஒவ்வொன்றாகத் துப்பித் துப்பி, தொண்டையில் இனி ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, அடியிலிருந்து மெலிசாக, ஓரத்தில் கீறல் விழுந்த ஒரு குரல் வந்தது. அது யாருடையது என்று ஊர் திரும்பிப் பார்த்தது.

"எங்கப்பா செத்துட்டாங்க மேடம். அவுக எதுவும் சொல்லலை. அன்னிக்கு டிரம்முக்குப் பின்னால இருந்து நாற்பத்திமூணு பேராவும் பேசுனது நான். விளையாட்டுக்கு."



"நாங்க சிரிச்சோம்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். "நானும்" என்றது இன்னொரு குரல். "வாளி வாங்கிட்டு" என்றது மூன்றாவது.

அதிகாரியம்மா பேனாவை மூடினார், திறந்தார். இப்போதுதான் முதல் தடவையாகப் பட்டியலை விட்டு நிமிர்ந்து பேச்சியின் முகத்தைப் பார்த்தார். "அன்னிக்கு நான் தலையைத் தூக்கியிருந்தா நீ டிரம்முக்குப் பின்னால இருந்தது தெரிஞ்சிருக்கும்" என்றார், யாருக்கும் சொல்வதுபோல் இல்லாமல். மேனேஜர், "மேடம், இது சின்னப் பிள்ளை பேச்சு" என்று தொடங்கினார். "அன்னிக்கும் இதே சின்னப் பிள்ளை பேச்சைத்தானே சார் நீங்க கொண்டுவந்து கொடுத்தீங்க" என்று அதிகாரியம்மா நாற்பத்திமூன்று டிக்கையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார்.

அடிக்க அடிக்கக் குழாய்கள் ஊமையாகின. கடைசி டிக்கின்போது சண்முகக்கனி தரையில் உட்கார்ந்தபடியே தன் வீட்டுத் திசையில் காதை வைத்துக் கேட்டாள். மகளை அவள் பார்க்கவில்லை.

புதுக் கிணறு ஆறும் இல்லை என்று ஆயிற்று. பழைய ஆறையும் மூடச் சொல்லி ஊர் கேட்டது. அது மேலிடத்துக் காரியம், அதுவரைக்கும் ஒரு கட்டுப்பாடு என்று அதிகாரியம்மா எழுதினார். கோயிலுக்குப் பின்னால் உள்ள பொதுக்கிணற்றில் தினம் காலையில் கல் கட்டிய கயிறு இறக்க வேண்டும். கயிற்றில் இத்தனை அடியில் சிவப்புத் துணி ஒன்று முடிந்திருக்கும். துணி நனைந்து வந்தால் அன்றைக்குக் கம்பெனி மோட்டார் ஓடலாம், அளவாக. காய்ந்து வந்தால் ஓடக்கூடாது. அளந்ததை மூன்று தெருவிலும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

"யார் அளக்கறது?" என்று கேட்டார்.

"இவ அளக்கட்டும்" என்றாள் சண்முகக்கனி. வீட்டுக்குப் போய், ஆறுமுகநயினாரின் சிவப்புத் துண்டில் ஒரு கிழி கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதும் பார்க்கவில்லை.

மறுநாள் ஏழேகாலுக்குப் பேச்சி கயிறு இறக்கினாள். துணி காய்ந்து வந்தது. கல்லும் காய்ந்து, தூசியோடு வந்தது. அந்த மெலிசான குரலில், "துணி காஞ்சிருக்கு, மோட்டார் ஓடக்கூடாது" என்று முதல் தெருவில் சத்தம் கொடுத்தாள். பூல்பாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

"கயித்தைக் காட்டு."

காட்டினாள். அவன் துணியைத் தொட்டுப் பார்த்து, விரலை விரலோடு தேய்த்துப் பார்த்து, உள்ளே போனான். கொம்பையாவும் கேட்டார். அடுத்த வீடும் கேட்டது. இசக்கியம்மா மட்டும் தொடவில்லை. மகன் குரலை எடுத்துவிட்டாள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சி சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்று தெருவிலும் வாசல் வாசலாக நின்று கயிற்றை நீட்டினாள், கை கையாக வந்து தொட்டுப் பார்த்தன. கம்பெனி வாசலில் மேனேஜர்கூடக் கர்சீப்பால் பிடித்துப் பார்த்தார். அவள் வாய்க்கு அந்த ஊரில் ஒரு துணிக்கிழிசல் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாகத் தன் வீட்டு வாசல். அம்மா தினமும் வந்து, ஒன்றும் பேசாமல், துணியை உள்ளங்கையில் வைத்து மூடி, மற்ற எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்து, விட்டுவிட்டு உள்ளே போவாள்.

சித்திரை போனது, ஆடி போனது. பள்ளிக்கூடத்தில், "யார் மாதிரியாவது பேசிக் காட்டு" என்று கேட்பார்கள், வராது. ஒரு ஐப்பசி மழை பாதியாய்ப் பெய்தது. பூல்பாண்டி ஒருநாள் கையில் மாவு இருந்ததால் தொடாமல் விட்டான், மறுநாள் தொட்டான்.

கார்த்திகையில் ஒரு காலை பேச்சி வீட்டு வாசலுக்கு வந்து கயிற்றை வழக்கம்போல் நீட்டினாள். சண்முகக்கனி வால்வுச் சாவியோடு வாசற்படியில் நின்றாள். கை துணிப் பக்கம் வந்தது, வந்த வழியில் நின்றது.

"எவ்வளவுட்டி?" என்றாள்.

பதினோரு மாதமாக அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி. கயிறு நீட்டியபடியே நின்றது.

"துணி காஞ்சுதாம்மா இருக்கு" என்றாள் பேச்சி. "கல்லு மட்டும் நனைஞ்சிருக்கு."

சண்முகக்கனி கயிற்றைப் பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, டேங்க் பக்கம் நடந்தாள்.